தலைக்கு மேலே 90 கிலோமீட்டரில் உலோகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் தெருக்கோடி வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கி வைப்போம். பிள்ளைகளோடு அவர்கள் அம்மா, அப்பா, தாத்தாவும் வருவார்கள். காசிமேட்டிலிருந்து போட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் வருவதுண்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில், "நமக்கு மேலே 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியமும் இரும்பும் தனித்தனி அணுக்களாக இருக்கின்றன. சில இரவுகளில் திடீரென ஒரு மெல்லிய அடுக்கில் அவை குவிந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. ஒரே சந்தேகம் பத்து பேரிடமிருந்து வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"மிஸ், உலோக லேயர்னா தகடு மாதிரி ஏதாவது மேல மிதக்குதா?"

இல்லை. 'அடுக்கு' என்ற சொல்தான் இப்படி நினைக்க வைக்கிறது. தரையிலிருந்து ஏறக்குறைய 80 முதல் 105 கிலோமீட்டர் வரை உள்ள மிக மெல்லிய காற்றில் சோடியம், இரும்பு, மக்னீசியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. சோடியம் அதிகமாக இருப்பது 90 கிலோமீட்டரை ஒட்டி. அங்கேயும் ஒரு கன சென்டிமீட்டருக்கு மூவாயிரம், நாலாயிரம் அணுக்கள்தான் தேறும். அதே இடத்தில் காற்றின் மூலக்கூறுகளை எண்ணினால், ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரு சோடியம் அணு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நம் உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் மேலே வானம் முட்ட ஒரு தூண் எழுப்பினால், அந்தத் தூணுக்குள் சுமார் 400 கோடி சோடியம் அணுக்கள் இருக்கும். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் சமையலறைத் தூள் உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து அதிலுள்ள சோடியத்தை இதே அளவில் பரப்பினால், மூன்று ஏக்கருக்கு மேல் வரும். பூமி முழுவதற்கும் மேலே உள்ள சோடியத்தைக் கூட்டிக் கட்டினாலும் 800 கிலோவைத் தாண்டாது. 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் பதினாறு மூட்டை. ஒரு மினி லாரி போதும். இதை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து வந்து பூஜ்யங்களை மறுபடி எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ உயரத்துக்கு சோடியம், இரும்பு எல்லாம் யார் கொண்டு போனது?"

யாரும் மேலே கொண்டுபோகவில்லை. மேலிருந்து வந்தது. வால்நட்சத்திரங்கள் விட்டுப்போன தூசும் சிறுகோள்கள் மோதி உதிர்த்த தூசும் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதில் பல டன் தூசு நாள்தோறும் பூமிக்குள் விழுகிறது. பெரும்பாலானவை ரவைக்கும் சிறிய துகள்கள். விநாடிக்கு 11 கிலோமீட்டர் முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் வந்து காற்றில் உரசும்போது உருகிக் கொதித்து ஆவியாகிவிடும். எரிநட்சத்திரம் என்று நாம் பார்க்கும் கோடு அதில் சற்றுப் பெரியது. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிறவைதான் கணக்கில் அதிகம்.

இதற்கு ஒரு சாட்சி கால்சியம். விண்கற்களில் சோடியமும் கால்சியமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. மேலே அளந்து பார்த்தால், கால்சியம் அணுக்கள் சோடியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சோடியம் சீக்கிரம் ஆவியாகும். கால்சியத்துக்குக் கடுஞ்சூடு வேண்டும், அதனால் அது துகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

"உண்மையச் சொல்லுங்க டீச்சர், இது எண்ணூர், மணலி சிம்னியிலேர்ந்து போன புகைதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டமே கிடையாது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை உதறினால் கையில் சாம்பல் ஒட்டுகிற ஊரில் இருக்கிறோம். ஆனால் இதற்கு அந்தப் புகை காரணமில்லை. புகைபோக்கிகளின் உயரம் சில நூறு மீட்டர். அங்கிருந்து கிளம்பும் சாம்பல் ஓரிரு கிலோமீட்டர் காற்றுக்குள் அலைந்து நம் மேலும் கடல் மேலும் கழிமுகத்திலும்தான் படிகிறது. 2022 ஜனவரியில் டோங்காவில் கடலுக்கடியில் வெடித்த எரிமலையின் புகைத்தூண்கூட ஏறக்குறைய 57 கிலோமீட்டர்தான் எட்டியது. அதுவே இதுவரை அளந்ததில் மிக உயரமானது.

கடல் உப்பு காற்றில் ஏறிப் போயிருக்குமோ என்று விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் விவாதித்தார்கள். கடல்நீரில் மிகச் சொற்பமாகவே உள்ள இரும்பு மேலே ஏராளமாக இருப்பது அந்த வாதத்துக்குப் பொருந்தவில்லை. ஆக, மேலே இருப்பது விண்தூசு, துணியில் ஒட்டுவது நம் ஊர்ச் சாம்பல். முன்னதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்காகப் பின்னதை மறந்துவிடக் கூடாது. அதற்கு நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, கேட்க வேண்டிய இடமும் வேறு.

"மேல குளிரா இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. குளிர்ல உலோகம் எப்படி ஆவியா நிக்கும்?"

எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80, மைனஸ் 90 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஒரு துண்டு சோடியத்தை அங்கே வைத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் கெட்டியாவதற்கு அணுக்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். முதல் பதிலில் சொன்ன எண்ணிக்கையைப் பாருங்கள். அந்த அடர்த்தியில் ஒரு சோடியம் அணு இன்னொரு சோடியம் அணுவை மோத நாள்கணக்கில் ஆகும்.

அதற்குள் வேறொன்று நடந்துவிடும். சில விநாடிகளிலேயே ஓசோன் வந்து சோடியத்தைப் பிடித்து ஆக்சைடாக்கிவிடும். அங்கே தனி ஆக்சிஜன் அணுக்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று வந்து அந்த ஆக்சைடிலிருந்து சோடியத்தை மறுபடி விடுவித்துவிடும். பிடிப்பதும் விடுவதுமாக இது இரவெல்லாம் ஓடும். விடுபடும் சோடியத்தில் ஒரு பகுதி மஞ்சள் ஒளியை உமிழும். அந்த மங்கிய ஒளியை 1929-ல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் நிறமாலையில் கண்டார். ஓசோன் வழியாக இது நடக்கிறது என்று 1939-ல் விளக்கியவர் சிட்னி சாப்மன்.

"சரி, ஏன் சரியா அந்த உயரத்துல மட்டும்? மேலயும் கீழயும் ஏன் இல்ல?"

அதற்கு மேலே போனால் சோடியம் அணு ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடுகிறது. சூரிய ஒளியும், அங்குள்ள மற்ற அயனிகளும் அதைப் பறித்துக்கொள்ளும். கீழே வந்தால் காற்று அடர்த்தியாகி, தனி ஆக்சிஜன் குறைந்து, சோடியம் சேர்மங்களுக்குள் மாட்டிக்கொள்கிறது. கடைசியில் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட்டாகத் தங்குகிறது. பெயர் புதிதாக இருந்தால், நம் வீட்டு ஆப்ப சோடாதான் அது. மேலே அயனி, கீழே ஆப்ப சோடா, இரண்டுக்கும் இடையில் மட்டும் தனி அணு. அதுதான் அடுக்கு.

இந்த விடையை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். திடீர் அடுக்குக்கான சாவி இதில்தான் இருக்கிறது.

"அப்ப 'திடீர்' அடுக்குன்னா இன்னா?"

வழக்கமான அடுக்கு பத்து, பதினைந்து கிலோமீட்டர் தடிமனில், மேலும் கீழும் மெல்லத் தேய்ந்து கிடக்கும். சில இரவுகளில் அதன் மேற்பகுதியில், பெரும்பாலும் 90-க்கும் 105-க்கும் இடைப்பட்ட ஒரு உயரத்தில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடிமனே உள்ள ஒரு கூர்மையான பட்டை முளைக்கும். சில நிமிடங்களில் அங்கே சோடியம் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலாகக் கூடும். சிலது கால் மணியில் கரையும், சிலது இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பழைய அடுக்கு மட்டும் இருக்கும்.

சோடியத்துக்கு மட்டுமல்ல, இரும்பு, பொட்டாசியம், கால்சியத்துக்கும் இப்படி வருகிறது. முதன்முதலில் இதைப் பதிவுசெய்து 1978-ல் எழுதியவர்கள் பிரேசிலில் சாவ் ஜோசே டாஸ் காம்போஸ் ஊரில் இருந்த கிளெமெஷாவும் அவர் குழுவினரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலும் துருவத்தை ஒட்டிய பகுதிகளிலும் இது அதிகம் வருகிறது. நடு அகலாங்குகளில் குறைவு. நாம் அதிகம் வருகிற பக்கத்தில் இருக்கிறோம்.

"காத்துல அங்கங்க இருந்த அணு எப்படிம்மா ஒரே இடத்துல வந்து கூடும்? யாரு கூட்டுறா?"

கேட்டவர் எர்ணாவூர் குப்பத்தில் கரைவலை இழுத்து வளர்ந்த பெரியவர். அவருக்குச் சொன்ன பதிலையே எழுதுகிறேன். கரைவலையில் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வரும். மீன் நடுவில் மடிக்குள் போய்ச் சேரும். மேலே அந்த வேலையைக் காற்று செய்கிறது. ஆனால் கூட்டுவது அணுக்களை அல்ல, அயனிகளை. அணுவுக்கு மின்னூட்டம் இல்லை, அதைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அயனிக்கு மின்னூட்டம் உண்டு. காற்று அதைத் தள்ளும்போது பூமியின் காந்தப்புலம் அதன் வழியைத் திருப்பிவிடும். கிழக்கு நோக்கித் தள்ளப்படும் அயனி மேலே ஏறும். மேற்கு நோக்கித் தள்ளப்படுவது கீழே இறங்கும். ஒரு உயரத்துக்கு மேலே காற்று மேற்கு நோக்கியும், அதற்குக் கீழே கிழக்கு நோக்கியும் வீசினால், மேலே உள்ளவை இறங்கும், கீழே உள்ளவை ஏறும். நடுவில் மடி நிறையும்.

எல்லா அயனியும் இப்படிக் கூடுவதில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளின் அயனிகள் எலக்ட்ரானைக் கண்டதும் உடைந்து தீர்ந்துவிடும். இரும்பு, மக்னீசியம், சோடியம் போன்ற தனி உலோக அயனிகளுக்கு அந்த வழி இல்லை. அவை மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட அயனியாகவே இருக்கும். வலை இழுக்கும்வரை செத்துப்போகாத மீன் அவை மட்டும்தான். அப்படிக் கூடிய அயனிப் பட்டைக்குத் 'திடீர் இ-அடுக்கு' என்று பெயர். வானொலிக்காரர்களுக்கு இது பழகிய பெயர்.

அடுத்த கட்டம் இறக்கம். கடலுக்கு ஏத்தமும் வத்தமும் இருப்பதுபோல் உயரக் காற்றுக்கும் உண்டு. அங்கே நிலவைவிட வெயிலின் சூடுதான் பெரிய காரணம். அந்த ஓதத்தோடு, காற்று திசைமாறும் உயரமும் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கீழே இறங்கும். அயனிப் பட்டையும் கூடவே இறங்கும். 100 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் காற்று அடர்த்தியாகிறது. சோடியம் அயனிமேல் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒட்டிக்கொள்கின்றன. இப்போது அது தனி அயனி இல்லை, கொத்து. கொத்தாகிவிட்டால் எலக்ட்ரான் வந்து சேரும், கொத்து உடையும், உள்ளேயிருந்து நடுநிலைச் சோடியம் அணு வெளியே வரும். மெல்லிய பட்டையாக இறங்கிய அயனிகள் எல்லாம் சில நிமிடங்களில் அணுவாக மாறுவதால்தான் நமக்கு அது 'திடீர்' என்று தெரிகிறது. மேலே மணிக்கணக்கில் சேர்ந்தது கீழே ஒரு நொடியில் வலைவாய் திறந்ததுபோல் கொட்டுகிறது.

"யாருமே போகாத இடத்துல இவ்ளோ துல்லியமா எப்படி அளக்குறாங்க?"

90 கிலோமீட்டர் ஒரு சங்கடமான உயரம். பலூனுக்கு எட்டாது. செயற்கைக்கோளுக்கு மிகத் தாழ்வு, காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதனால் தரையிலிருந்தே லேசர் அடிக்கிறார்கள். சோடியம் உறிஞ்சும் அதே 589 நானோமீட்டர் மஞ்சளுக்கு லேசரைச் சுருதி சேர்த்து, துடிப்பு துடிப்பாக மேலே அனுப்புவார்கள். சோடியம் அணு அதை உறிஞ்சி எல்லாத் திசையிலும் திருப்பி உமிழும். அதில் கீழே வருவதைத் தொலைநோக்கி பிடிக்கும். போய்வர எடுத்த நேரத்தை வைத்து உயரம் தெரியும். 90 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஆயிரத்தில் 0.6 பங்குதான். இந்தக் கருவிக்கு லைடார் என்று பெயர். சோடியத்துக்கு முதலில் இதைச் செய்தவர்கள் பிரிட்டனில், 1969-ல்.

இதற்குப் பிரேசில்வரை போக வேண்டாம். திருப்பதி அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. நம் மாடியிலிருந்து வடமேற்கே நேர்கோட்டில் 120 கிலோமீட்டர் சுமார். அங்கே சோடியம் லைடாரும் இருக்கிறது, காற்றின் போக்கை அளக்கும் பெரிய ரேடாரும் இருக்கிறது. 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒன்றுக்குக் காதங்கியும் காசிமேடும் ஏறக்குறைய ஒரே ஊர். அங்கே மேகமில்லாத இரவில் வரையும் கோட்டில் திடீரென ஒரு கூர்முனை எழுந்தால், நம் தலைக்கு மேலும் அதே இரவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

"ரோட்ல எரிஞ்ச மஞ்ச லைட்டும் சோடியம்தானே? அப்ப வானத்துல அதே மஞ்சள கண்ணால பாக்க முடியுமா?"

அணு அதே அணு, அலைநீளமும் அதே. எல்.இ.டி. வருவதற்கு முன் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு மேலே வரிசையாக எரிந்த ஆரஞ்சு விளக்குகள் உயரழுத்த சோடியம் விளக்குகள். ஆனால் வானத்தின் சோடிய ஒளி நம் கண்ணுக்கு மிக மங்கல். திடீர் அடுக்கு வந்து பல மடங்கு கூடினாலும் கண்ணால் காண முடியாது. துறைமுக வெளிச்சத்தில் நமக்குப் பால்வழியே தெரிவதில்லை. கரையை விட்டு வெகுதூரம் போன போட்டிலிருந்து பார்த்தாலும் இது தெரியாது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் வாடும், எனக்கும் வருத்தம்தான், ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

"எரிநட்சத்திர மழை அன்னிக்கு நைட்டு உலோகம் கூடுமா?"

கூடும் என்று நானும் முதலில் நினைத்தேன். டிசம்பர் 13, 14-ல் ஜெமினிட்ஸ் வரும்போது கண்ணுக்கு நூற்றுக்கணக்கில் தெரிகிறது. ஆனால் பூமிக்கு வரும் தூசின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் விழும் நுண்துகள்தான். அதோடு ஒப்பிட்டால் ஒரு இரவின் மழை கொண்டுவருவது சொற்பம். திடீர் அடுக்கு நேரடியாக ஒரு விண்கல் விட்டுப்போன புகை என்ற கருத்தும் ஆரம்பத்தில் இருந்தது. தனி விண்கல் விட்டுப்போகும் தடம் விநாடிகளில் கலைந்துவிடும். நூறு கிலோமீட்டர்க் கணக்கில் படர்ந்து மணிக்கணக்கில் நிற்கும் அடுக்கை அது விளக்காது.

"நடுக்கடல்ல வயர்லெஸ்ல சில நேரம் வேற பாஷை கேக்குது. அது இந்த லேயர்ல பட்டுத் திரும்புறதா?"

காசிமேட்டுக்காரர்களின் கேள்வி. பாதி ஆம், பெரும்பாதி இல்லை. அயனிப் பட்டை ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. அதனால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எஃப்.எம். நிலையம்கூடத் திடீரென்று தெளிவாகக் கேட்டு, கால் மணியில் மறைவதுண்டு. திருப்புவது அயனிகளோடு சேர்ந்து குவிந்த எலக்ட்ரான்கள்தான், நடுநிலைச் சோடியம் அணுக்கள் அல்ல. ஆனால் போட்டில் இருக்கும் வி.எச்.எஃப். செட் 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அவ்வளவு உயர்ந்த அலைவரிசையை அயனிப் பட்டை திருப்புவது அபூர்வம்.

நீங்கள் கேட்பது பெரும்பாலும் கடலையொட்டிய காற்றின் வேலை. கடல்மேல் ஈரக்காற்றும் அதன்மேல் உலர்காற்றும் படியும்போது, அலை மேலே தப்பாமல் குழாய்க்குள் போவதுபோல் நீர்ப்பரப்பை ஒட்டியே வெகுதூரம் ஓடும். 80-களில் உயரமான ஆன்டெனா நட்டு இலங்கை ரூபவாஹினி பார்த்த கடலோரத் தமிழர்களுக்கும் பெரும்பாலும் இந்தக் குழாய்தான் உதவியது. அடையாளம் எளிது: அமைதியான நாளில் மணிக்கணக்கில் நின்று கேட்டால் கடல் காற்று, வெகுதூரத்துக் குரல் திடீரென்று வந்து திடீரென்று போனால் மேலே உள்ள பட்டை.

"ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போகும்போது ஒரு கோடு விழுதே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. அது ராக்கெட்டின் புகையும் உறைந்த நீராவியும். ஆனால் ராக்கெட்டுக்கும் சோடியத்துக்கும் நம் நாட்டில் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1963 நவம்பர் 21 மாலை, கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சே சுமந்துபோனது சோடியம் ஆவிக் கருவி. உயரத்தில் சோடியத்தைத் தூவினார்கள். தரையில் இருட்டு, மேலே இன்னும் வெயில். அந்த வெயிலில் சோடியம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அந்தத் தடம் எப்படி வளைந்து நெளிகிறது என்று படமெடுத்து, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கண்டார்கள். கரைவலைக் கேள்வியில் சொன்ன, மேலே ஒரு திசை கீழே ஒரு திசை என்ற காற்று, இப்படிப்பட்ட தடங்களில்தான் கண்ணாலேயே தெரிந்தது. இந்திய விண்வெளிப் பயணத்தின் முதல் மாலை சோடிய மஞ்சளில் தொடங்கியது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை நான்.

"மழையோட இறங்கி நம்ம மேல விழுமா? உடம்புக்கு ஆகாதா?"

ஆபத்து இல்லை. பதினாறு மூட்டைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல இறங்கும் விண்தூசு பூமியெங்கும் பரவி விழுகிறது. நம் துணியில் ஒட்டும் சாம்பலின் பக்கத்தில் வைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

"இப்ப சேட்டிலைட் எல்லாம் எரிஞ்சு விழுதே. அதுவும் உலோகம்தானே?"

ஆமாம், இது கவலைப்பட வேண்டிய கேள்வி. ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்களும் ராக்கெட் பாகங்களும் இதே உயரத்தை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும் எரிகின்றன. அவற்றில் அலுமினியம், தாமிரம், லித்தியம் போன்றவை உண்டு. விண்தூசில் இந்த விகிதத்தில் அவை கிடையாது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், விமானம் மூலம் அடுக்கு மண்டலத்தில் (நம் உலோக அடுக்கு அல்ல, அதற்கு வெகு கீழே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர்) சேகரித்த கந்தக அமிலத் துகள்களில், பெரிய துகள்களில் சுமார் பத்தில் ஒன்றில் விண்கலங்களிலிருந்து வந்த அலுமினியமும் வேறு உலோகங்களும் இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக வால்நட்சத்திரத் தூசு மட்டுமே விழுந்த இடத்தில் இப்போது நம் கைவேலையும் விழுகிறது. இதை இப்போதே அளக்கத் தொடங்கியது நல்லது என்பது என் கருத்து. எண்ணூர்க் கழிமுகத்தில் நாம் அளக்கத் தொடங்கியது சாம்பல் படிந்த பிறகு.

"காந்தப்புலம்னு சொன்னீங்களே, திருநெல்வேலி பக்கம் காந்த நடுக்கோடு போகுதாமே. அங்க இன்னும் அதிகமா வருமா?"

கல்லூரி மாணவர் கேட்டது. கேட்டதும் மகிழ்ந்தேன். விடை எதிர்பார்ப்புக்கு நேர் எதிர். காந்த நடுக்கோட்டின் மேல் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அயனியைக் காற்று மேலே கீழே தள்ளலாம். ஆனால் எலக்ட்ரான் காந்தக் கோட்டில் கோத்த மணிபோல் அந்தக் கோட்டின் வழியாக மட்டுமே ஓடும். அங்கே அதனால் மேலும் கீழும் போக முடியாது. எலக்ட்ரான் கூட வராவிட்டால் அயனியும் குவியாது, மின்விசை இழுத்துப் பிடித்துவிடும். அதனால் கரைவலை முறை அங்கே சரியாக வேலை செய்யாது. அங்கே காணப்படும் இ-அடுக்கு வேறு வகை. பகலில் அந்த உயரத்தில் ஓடும் வலுவான மின்னோட்டத்தால் வருவது. நாம் சில டிகிரி வடக்கே தள்ளி இருப்பதால், காந்தக் கோடுகள் சற்றுச் சாய்ந்து, எலக்ட்ரானுக்கும் வழி கிடைக்கிறது.

"இத தெரிஞ்சுகிட்டு யாருக்கு என்ன லாபம்?"

பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரடி லாபம். காற்றின் நடுக்கத்தால் நட்சத்திரம் மினுக்கும், படம் கலங்கும். அதைச் சரிசெய்ய ஒரு அளவுகோல் நட்சத்திரம் வேண்டும். சிலியில் பரானல் மலைமேல் உள்ள தொலைநோக்கியிலிருந்து நான்கு மஞ்சள் லேசர்களைச் சோடிய அடுக்கில் அடித்து, 90 கிலோமீட்டர் உயரத்தில் தாங்களே நட்சத்திரங்களை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துக் கண்ணாடியை நொடிக்குப் பலநூறு முறை வளைத்துத் திருத்துவார்கள். திடீர் அடுக்கு வந்தால் அந்தச் செயற்கை நட்சத்திரத்தின் சராசரி உயரம் நகரும், குவியம் தவறும். அதனால் வானியலாளர்களுக்கு இதன் வரவு தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு பயன்தான் எனக்குப் பிடித்தது. சோடியம் அணுவின் ஒளி எவ்வளவு அகன்றிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த உயரத்தின் வெப்பநிலையும் காற்றின் வேகமும் கிடைக்கும். வங்கக்கடலில் புயல் எழும்போது, வடகிழக்குப் பருவமழையின் இடிமேகம் குமுறும்போது, அவை கிளப்பும் காற்றலைகள் மேலேறி மேலேறிப் பெரிதாகி அந்த அடுக்கைக் குலுக்கும். நம் கடல்மேல் நடந்ததை 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் காட்டிக்கொடுக்கும்.

"அப்ப எல்லாமே கண்டுபிடிச்சு முடிச்சுட்டாங்களா?"

இல்லை. கரைவலைக் கேள்விக்குச் சொன்ன விளக்கம் பெரும்பாலான திடீர் அடுக்குகளுக்குப் பொருந்துகிறது. ஆனால் அயனிப் பட்டையே தெரியாத இரவிலும் சில அடுக்குகள் எழுந்திருக்கின்றன. விண்தூசு ஆவியாகி மறுபடி ஒட்டிக்கொண்ட நுண்புகைத் துகள்களிலிருந்து சோடியம் விடுபடுகிறதா, வெப்பநிலை திடீரென்று உயர்வதால் சேர்மங்கள் உடைகின்றனவா என்ற விவாதம் தொடர்கிறது. 2011-ல் அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ நிலையத்தில் சின்ஷாவ் சூ குழுவினர் 155 கிலோமீட்டர் உயரம்வரை நடுநிலை இரும்பு அணுக்களைக் கண்டார்கள். அதுவரை அங்கே அயனிதான் இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். ஐந்தாவது கேள்வியில் நான் போட்ட 'மேலே அயனி' என்ற கோடும் அவ்வளவு கறாரானதல்ல என்று இதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

"லேசர் எல்லாம் நம்மகிட்ட இல்ல. நாம வீட்ல ஏதாவது பாக்கலாமா?"

அடுக்கைப் பார்க்க முடியாது. அந்த மஞ்சளைப் பார்க்கலாம். ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் ஒரு கணம் மஞ்சளாவதைக் கவனித்திருப்பீர்கள். ரசத்து உப்பின் சோடியம்தான் அது. பழைய சி.டி. ஒன்றை எடுத்து, செருப்பு அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் பிளேடால் மயிரிழை அளவு கீறல் போட்டு, மறுமுனையில் சி.டி.யைச் சாய்த்து ஒட்டி, மேலே கண் வைக்க ஓட்டை போடுங்கள். பெரியவர் யாராவது பக்கத்தில் நிற்க, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, உப்புநீரில் நனைத்த கரண்டி நுனியைச் சுடரில் காட்டச் சொல்லுங்கள். வானவில் விரியும் இடத்தில் ஒரே ஒரு மஞ்சள் கோடு மட்டும் பளிச்சென்று நிற்கும்.

இன்னும் மாற்றாத பழைய ஆரஞ்சு தெருவிளக்கு உங்கள் தெருவில் இருந்தால், அதே பெட்டியை அதை நோக்கித் திருப்புங்கள். அங்கே மஞ்சள் அகலமாகப் பரவி, நடுவில், உப்பு கோடு போட்ட அதே இடத்தில், ஒரு கருங்கோடு இருக்கும். விளக்குக்குள் ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் உள்ளிருந்து வரும் தன் நிறத்தைத் தானே விழுங்கிக்கொள்வதால் வருவது அது. காதங்கி லேசர் மேலே போய்த் தேடுவதும் அந்த நிறத்தைத்தான்.